பக்கத்து வீட்டுக்காரரை அரசு தீர்மானித்த நகரம்

2011 ஆகஸ்டில் சிங்கப்பூர் நாளிதழ் ஒன்றில் ஒரு சமரசக் கதை வெளியானது. சீனாவிலிருந்து வந்து குடியேறிய ஒரு குடும்பம். பக்கத்து வீட்டில் ஓர் இந்தியக் குடும்பம். குழம்பு வாசனை தாங்க முடியவில்லை என்று புதிதாக வந்தவர்கள் புகார் சொல்கிறார்கள். இந்தியக் குடும்பம் கதவு, சன்னல்களை அடைத்துக்கொண்டு சமைத்துப் பார்க்கிறது. அப்போதும் தீரவில்லை. விவகாரம் சமூக சமரச நிலையத்துக்குப் போகிறது. அங்கே எட்டிய உடன்பாடு இதுதான்: சீனக் குடும்பம் வீட்டில் இல்லாத வேளையில் மட்டும் இந்தியக் குடும்பம் குழம்பு வைக்கும்; பதிலுக்குச் சீனக் குடும்பம் அந்தக் குழம்பைச் சாப்பிட்டுப் பார்க்கும்.

சம்பவம் நடந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனால், செய்தி வந்ததும் ஊர் கொதித்துப்போனது. ஆகஸ்ட் 21, ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வீட்டில் குழம்பு வைப்போம் என்று ஃபேஸ்புக்கில் ஓர் அழைப்பு எழுந்தது. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதூக்கினார்கள். அவர்களில் சீனர்கள் ஏராளம். சீனாவிலிருந்து வந்த சீனரைவிட, மூன்று தலைமுறையாக அதே ஊரில் குழம்பு வைத்துக்கொண்டிருக்கும் இந்தியரே தங்களவர் என்று சிங்கப்பூர்ச் சீனர்கள் பகிரங்கமாகச் சொன்ன நாள் அது. தோல் நிறமும் தாய்மொழியும் ஒரு பக்கம் இழுக்க, பழகிய வாழ்க்கை மறுபக்கம் இழுத்தது. பழகிய வாழ்க்கை வென்றது.

அவர்கள் குழம்பைத் தங்களுடையதென்று சொன்னதில் மிகை இல்லை. சிங்கப்பூரின் அடையாளமாகவே ஆகிவிட்ட மீன்தலைக் குழம்பு, கேரளத்திலிருந்து வந்த கோமஸ் என்ற உணவகக்காரர் சீன வாடிக்கையாளர்களுக்காக உருவாக்கியது. மீன்தலையை விரும்பி உண்பவர்கள் சீனர்கள். புளியும் மசாலாவும் தென்னிந்தியாவினுடையவை. இன்று அதைச் சீனக் கடைகளிலும் சாப்பிடலாம், லிட்டில் இந்தியா எனப்படும் தேக்காவிலும் சாப்பிடலாம்.

குடியேறிகளின் நகரங்களைப் பற்றிப் பேசும்போது ‘கலந்து வாழ்வது’ ஏதோ மழை பெய்வதுபோல் இயல்பாக நடந்துவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். நடப்பதில்லை. மனிதர்கள் தங்கள் மொழி பேசுபவர் பக்கத்தில்தான் வீடு தேடுவார்கள். அதில் குற்றம் ஏதுமில்லை. சிங்கப்பூரில் அந்த இயல்பை அரசு விதி குறுக்கிட்டு மாற்றியது. அதனால் விளைந்த நன்மை பெரிது என்பதே என் கருத்து. அதே விதி சிறுபான்மையினர் மீது ஒரு சுமையை ஏற்றியது என்பதும், அரசு இன்னொரு பெருங்கூட்டத்தை வாசலுக்கு வெளியிலேயே நிறுத்திவைத்திருக்கிறது என்பதும் சேர்த்துச் சொல்லப்பட வேண்டியவை.

பின்னணியைச் சுருக்கமாகப் பார்க்கலாம். 1822இல் பிரிட்டிஷ் அதிகாரி ராஃபிள்ஸ் போட்ட நகரத் திட்டத்தில் சீனர்களுக்கு ஓரிடம், மலாய்க்காரர்களுக்கும் அரபுகளுக்கும் ஓரிடம், தென்னிந்தியர்களுக்குச் சூலியா கம்போங் என்று ஆற்றங்கரை ஊர் கூறுபோடப்பட்டது. ஆளுக்கொரு மூலையில் வாழ்ந்த ஊரில் 1964 ஜூலை 21 அன்று நபிகள் நாயகம் பிறந்தநாள் ஊர்வலத்தில் மூண்ட மோதல் சீன - மலாய்க் கலவரமாகப் பரவியது. செப்டம்பரில் மீண்டும் வெடித்தது. இரண்டிலும் சேர்த்து 36 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு மலேசியாவிலிருந்து பிரிந்து தனி நாடான சிங்கப்பூரை ஆண்ட தலைமுறை, அந்த ரத்தத்தைக் கண்ணால் பார்த்த தலைமுறை. அவர்கள் எடுத்த பல முடிவுகளை அந்த அச்சத்தை மறந்துவிட்டுப் புரிந்துகொள்ள முடியாது.

1960இல் அமைந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் - அங்குள்ள தமிழர் வாயில் ‘வீவக’ - முதல் ஐந்தாண்டிலேயே ஐம்பதாயிரத்துக்கும் மேல் வீடுகளைக் கட்டிக் குவித்தது. கம்போங் எனும் பழைய கிராமங்களில் இருந்தவர்கள் அடுக்குமாடிகளுக்கு மாறினார்கள். இன்று குடியிருப்பாளர்களில் பத்தில் ஏறத்தாழ எட்டுப் பேர் வீவக வீடுகளில்தான் வாழ்கிறார்கள். அரசே வீட்டைக் கட்டி விற்கும் ஊரில், யார் எங்கே குடியிருப்பது என்பதிலும் அரசு கை வைக்க முடியும். 1980களில் பழைய இழுப்பு திரும்ப வந்தது: மறுவிற்பனை வழியாக மலாய்க்காரர்கள் பிடோக், தெம்பனிஸ் பக்கமும், சீனர்கள் ஹவ்காங் பக்கமும், இந்தியர்கள் யீஷூன் பக்கமும் குவியத் தொடங்கினார்கள். 1989இல் தேசிய வளர்ச்சி அமைச்சராக இருந்தவர் சு. தனபாலன், ஒரு தமிழர். இந்தப் போக்கைத் தடுக்க வேண்டும் என்று சமூகத் தலைவர்களிடம் எடுத்துச்சொல்லி, இன ஒருங்கிணைப்புக் கொள்கையைக் கொண்டுவந்தவர் அவர்தான். அது அந்த ஆண்டு மார்ச் மாதம் நடைமுறைக்கு வந்தது.

கணக்கு நேரடியானது. ஒரு புளோக்கில், அதாவது ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில், சீனர் வீடுகள் 87 விழுக்காட்டையும், மலாய்க்காரர் வீடுகள் 25 விழுக்காட்டையும் தாண்டக் கூடாது. இந்தியருக்கும் ‘மற்றவர்’ என்ற பிரிவினருக்கும் முதலில் 13 விழுக்காடு. 2010இல் அது 15 ஆனது. அக்கம்பக்கம் முழுவதற்கும் இதைவிடச் சற்றுக் குறைந்த தனி வரம்புகள் உண்டு. ஒவ்வொரு மாதமும் முதல் தேதி எண்ணிக்கை புதுப்பிக்கப்படும். வீடு வாங்கவோ விற்கவோ கிளம்புபவர், விலையைக் கேட்பதற்கு முன் வீவக இணையத்தளத்தில் அந்தப் புளோக்கின் நிலவரத்தைப் பார்த்தாக வேண்டும்.

இதன் பலனைப் பார்க்க ஒரு புளோக்கின் கீழே போய் நின்றால் போதும். வீவக கட்டடங்களின் தரைத்தளத்தைச் சுவரில்லாமல் திறந்தே விட்டிருக்கிறார்கள். ‘வாய்ட் டெக்’ என்கிறார்கள். சனிக்கிழமை அங்கே மலாய்த் திருமணம் நடக்கும். பச்சையும் பொன்னிறமுமாகத் துணி கட்டி, பெரிய அண்டாக்களில் பிரியாணி ஆக்கி, நாள் முழுக்க வருவோரை உட்காரவைத்துப் பரிமாறுவார்கள். சில நாள் கழித்து அதே தூண்களுக்கிடையே சீன வீட்டுச் சாவு. சவப்பெட்டி, ஊதுவத்தி, இரவெல்லாம் கண்விழித்து உட்கார்ந்திருக்கும் உறவினர்கள், மேசைகளில் கடலையும் தேநீரும். வேலை முடிந்து வரும் தமிழர் இரண்டையும் கடந்துதான் மின்தூக்கிக்குப் போக வேண்டும். பல வருடம் கடந்துபோன பிறகு, எந்த வீட்டில் எந்தச் சடங்கு, எங்கே செருப்பைக் கழற்ற வேண்டும், யாருக்கு எதைக் கொடுக்கக் கூடாது என்பதெல்லாம் யாரும் பாடம் நடத்தாமலே தெரிந்துவிடும். பிள்ளைகள் ஒரே பள்ளிக்குப் போகிறார்கள். பையன்கள் தேசிய சேவை எனும் கட்டாய ராணுவப் பணிக்காக ஒரே முகாமில் படுத்து எழுகிறார்கள். வாட்டர்லூ தெருவில் குவான் இம் கோயிலுக்கு வரும் சீனர்கள் பக்கத்திலிருக்கும் கிருஷ்ணன் கோயில் வாசலிலும் ஊதுவத்தி ஏற்றிக் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். கிருஷ்ணரும் அதை ஏற்றுக்கொண்டிருக்கிறார், கோயில் நிர்வாகமும் ஊதுவத்திக்கு இடம் ஒதுக்கியிருக்கிறது.

ஐரோப்பிய நகரங்கள் பலவற்றில், குடியேறிகளின் பிள்ளைகள் ஊர் எல்லைக் குடியிருப்புகளில் தனித்துவிடப்பட்டு, பிறகு ‘ஏன் கலக்க மாட்டேன் என்கிறீர்கள்’ என்று கேட்கப்படுகிறார்கள். சிங்கப்பூர் அந்தக் கேள்வியைக் கேட்குமுன் வீட்டைக் கொடுத்தது. இந்த வரிசையை நான் மதிக்கிறேன்.

இனி, விலை.

ஒரு புளோக்கில் சீனர் வரம்பு நிரம்பிவிட்டது என்று வையுங்கள். அங்கே ஒரு தமிழ்க் குடும்பம் வீட்டை விற்க நினைக்கிறது. சீனருக்கு விற்றால் சீனர் விழுக்காடு இன்னும் கூடும். எனவே விற்க முடியாது. சீனரிடமிருந்து சீனர் வாங்கலாம், அதனால் எண்ணிக்கை மாறாது. தமிழர், மலாய்க்காரர் அல்லது ‘மற்றவர்’ ஒருவரைத்தான் தேட வேண்டும். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குடியிருப்பாளர்களில் சீனர்கள் 74.3 விழுக்காடு, மலாய்க்காரர்கள் 13.5, இந்தியர்கள் 9. ஆக, சந்தையின் முக்கால் பங்கு இந்தக் குடும்பத்துக்கு மூடிக் கிடக்கிறது. அதே மாடியில் அதே அளவு வீட்டைச் சீனர் விற்றால் எல்லோரும் வாங்க வருவார்கள். தமிழர் விற்றால் நால்வரில் ஒருவர்தான் வர முடியும். மாதக்கணக்கில் காத்திருந்து, கடைசியில் விலையை இறக்கித் தள்ளிவிட்டுப் போகிறார்கள். சிங்கப்பூரில் வீடு என்பது வெறும் குடியிருப்பு இல்லை. மத்திய சேமநிதிப் பணத்தைப் போட்டு வாங்கி, முதுமைக்கு நம்பியிருக்கும் ஒரே பெரிய சொத்து. ஒற்றுமை என்ற பொதுநன்மைக்கான சந்தா, எண்ணிக்கையில் சிறியவர்களின் ஓய்வுக்காலச் சேமிப்பிலிருந்து பிடிக்கப்படுகிறது.

இதை அரசு நெடுங்காலம் ஓரத்துப் பிரச்சினையாகவே பார்த்தது. எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சி கொள்கையையே ஒழிக்கச் சொன்னது. 2021இல் நாடாளுமன்றத்தில் இது விரிவாகப் பேசப்பட்டது. அடுத்த ஆண்டு, வரம்பால் விற்க முடியாமல் தவிக்கும் உரிமையாளர்களின் வீட்டைச் சில நிபந்தனைகளுடன் வீவகவே வாங்கிக்கொள்ளும் என்ற அறிவிப்பு வந்தது. 33 ஆண்டு தாமதம். வந்தவரை நல்லது, ஆனால், போதாது. வரம்பு காரணமாக விலை குறைந்தால் அந்தக் குறையை அரசு முழுதாக ஈடுகட்ட வேண்டும், விண்ணப்பித்து நிரூபிக்கும் சுமையை விற்பவர் தலையில் வைக்காமல். கொள்கையை ஒழிக்கச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வாடகை விளம்பரங்களில் ‘இந்தியர்களுக்கு இல்லை’ என்று வெளிப்படையாகப் போட்ட வீட்டுக்காரர்கள் அதே ஊரில்தான் இருந்தார்கள். அரசு கையை எடுத்தால் அந்த மனம் மறுவிற்பனையிலும் வேலை செய்யும்.

அடையாளத்தின் கதை இதைவிடச் சிக்கலானது. சிங்கப்பூர் யாரையும் ‘கரைந்துவிடு’ என்று சொன்னதில்லை. சீனர், மலாய்க்காரர், இந்தியர், மற்றவர் என்ற நான்கு பெட்டிகளை வைத்து, ஆளுக்கொன்றில் இரு என்றது. யாழ்ப்பாணத்து வேர் கொண்ட எஸ். ராஜரத்தினம் எழுதிய தேசிய உறுதிமொழி, இன மொழி மத வேறுபாடின்றி ஒரே மக்களாவதைப் பேசுகிறது. அந்த உறுதிமொழியை ஒப்பிக்கும் குழந்தையின் ஆவணங்களில் இனம் பதியப்பட்டிருக்கும். தமிழரும் பஞ்சாபியரும் மலையாளியும் குஜராத்தியும் ஒரே பெட்டி. கலப்பு மணத் தம்பதியின் பிள்ளைக்கு 2011 முதல் இரட்டை இனம் பதியலாம். ஆனால் வீட்டு வரம்பு என்று வரும்போது முதல் பாதிதான் கணக்கு. எந்தப் பாதியை முன்னால் போடுவது என்று பெற்றோர் யோசிக்கும்போது, அந்தப் பிள்ளை பிற்காலத்தில் வாங்கப்போகும் வீடும் அந்த யோசனைக்குள் வந்துவிடுகிறது.

இந்தப் பெட்டிக்குள் தமிழுக்கு ஓர் இடம் கிடைத்தது தற்செயல் இல்லை. 1935இல் ‘தமிழ் முரசு’ தொடங்கிய கோ. சாரங்கபாணி, 1950களில் தமிழர்களிடம் ஊர் ஊராகச் சொன்னது இரண்டே விஷயங்கள்: குடியுரிமை எடு, தமிழைக் கைவிடாதே. மூட்டையைக் கட்டித் தயாராக வைத்திருந்த ஒரு கூட்டத்தை, இது உன் நாடு என்று உட்காரவைத்த வேலை அது. ஊரில் சேர்வதற்குத் தன்னை அழித்துக்கொள்ள வேண்டியதில்லை என்று அவர் நம்பினார். நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்றாகத் தமிழ் அமர்ந்தது. பிறகு நடந்தது நமக்கு வலிப்பது. கடைசித் தமிழ்ப் பள்ளியான உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளி 1982இல் மூடப்பட்டது. வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்றவர்கள் 2010இல் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5. அதே பத்தாண்டில் ஆங்கிலம் 32.3இலிருந்து 48.3க்கு ஏறியது. மாண்டரின், மலாய் ஆகியவையும் இறங்கியிருக்கின்றன. எந்த இனமும் மற்றதில் கரையவில்லை. எல்லோரும் சேர்ந்து ஆங்கிலத்துக்குள் போய்க்கொண்டிருக்கிறார்கள். அயலாருடன் பேசப் பொதுமொழி வேண்டும் என்பது நியாயம். பேரன் பாட்டியோடு பேசவும் அந்தப் பொதுமொழியே வேண்டியிருக்கிறது என்ற நிலை நியாயமானதாக எனக்குப் படவில்லை.

இந்தப் பெட்டிகளுக்குள் புதியவர்களும் வந்துகொண்டிருந்தார்கள். 2000க்கும் 2010க்கும் இடையே நாட்டின் மக்கள்தொகை 40 லட்சத்திலிருந்து 50 லட்சத்தைத் தாண்டியது. குடியிருப்பாளர்களில் இந்தியர் பங்கு 7.9இலிருந்து 9.2 விழுக்காடானது, வந்தவர்களில் வட இந்தியத் தொழில்நுட்பப் பணியாளர்களும் வங்கி அதிகாரிகளும் நிறைய. 2013இல் அரசு, 2030க்குள் மக்கள்தொகை 69 லட்சம்வரை போகலாம் என்ற வெள்ளை அறிக்கையை வெளியிட்டபோது, ஹொங் லிம் பூங்காவில் ஆயிரக்கணக்கானோர் கூடி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். இந்தியாவுடன் 2005இல் போட்ட பொருளியல் ஒப்பந்தம் ‘சீக்கா’. அதன் பெயரே இணையத்தில் இந்தியரைத் திட்டும் சொல்லாக மாறியது. 2021 மே மாதம் சுவா சூ காங்கில் விறுவிறுவென்று நடைபயிற்சி போய்க்கொண்டிருந்த 55 வயது இந்திய வம்சாவளிப் பெண்மணியை ஒருவர் இனத்தைச் சொல்லி ஏசி, மார்பில் உதைத்தார். அந்த அம்மா சிங்கப்பூர்க் குடிமகள்.

உதைத்தவருக்குப் பழையவர் யார், புதியவர் யார் என்று தெரியாது, தெரிந்துகொள்ளத் தேவையும் இருக்கவில்லை. இதை அங்குள்ள தமிழர்கள் ஆழமாக யோசிக்க வேண்டும். ஏனென்றால், ‘நாங்கள் அவர்களைப் போலில்லை, நாங்கள் துறைமுகத்திலும் பொதுப்பணித் துறையிலும் உழைத்து இந்த ஊரைக் கட்டியவர்களின் பிள்ளைகள்’ என்று புதிய இந்தியர்களைத் தள்ளி வைக்கும் பேச்சு தமிழ் வீடுகளிலும் கேட்கிறது. பெருமை உண்மையானது. ஆனால், அந்தப் பெருமையை இன்னொருவரை வெளியாளாக்கப் பயன்படுத்தினால், அடுத்த உதை விழும்போது அது காப்பாற்றாது.

ஆனாலும் ஊர் முழுதும் அந்த மனநிலையில் இல்லை. 2019இல் அன்றைய நிதியமைச்சர் ஹெங் சுவீ கியட், மூத்த தலைமுறை சீனரல்லாத பிரதமருக்கு இன்னும் தயாராக இல்லை என்றார். 2023 செப்டம்பரில் நடந்த அதிபர் தேர்தலில் தமிழரான தர்மன் சண்முகரத்னம் இரண்டு சீன வேட்பாளர்களை எதிர்த்து நின்று 70.4 விழுக்காடு வாக்குகள் பெற்றார். அந்த வாக்குகளில் பெரும்பகுதி வீவக மாடிகளிலிருந்து இறங்கி வந்தவை. ஹெங்கின் கணிப்பைவிட மக்கள் முன்னே போயிருக்கிறார்கள் என்றே நான் வாசிக்கிறேன்.

ஆனால் அந்த மாடிகளில் இடமே இல்லாதவர்கள் இருக்கிறார்கள். அந்த மாடிகளைக் கட்டியவர்கள்.

புதுக்கோட்டையிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் வேலை அனுமதிச் சீட்டில் வரும் கட்டுமான, கப்பல் பட்டறை ஊழியர்கள் பெரும்பாலும் நகரின் விளிம்பில், தொழிற்பேட்டைகளை ஒட்டிய தங்கும் விடுதிகளில் இருக்கிறார்கள். வேலைக்கு லாரியின் பின்புறத்தில் ஏற்றிக் கொண்டுபோகப்படுகிறார்கள். 2013 டிசம்பர் 8 இரவு, லிட்டில் இந்தியாவில் ஒரு தமிழகத் தொழிலாளி பேருந்தின் அடியில் சிக்கி இறந்ததும் சுமார் 300 பேர் கலவரத்தில் இறங்கினார்கள். காவல் வண்டிகள் கவிழ்க்கப்பட்டன, எரிந்தன. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் நாடு கடத்தப்பட்டார்கள். விசாரணைக் குழு மதுவையும் விபத்து பற்றிய தவறான எண்ணத்தையும் முக்கியக் காரணங்களாகச் சொன்னது. பிறகு வந்த மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் அப்பகுதியைத் தனி வளையமாக்கியது. வன்முறைக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால், ஞாயிறு ஒருநாள் மட்டும் ஊருக்குள் வந்து, பணம் அனுப்பி, ஊர்க்காரனைப் பார்த்து, மீண்டும் பேருந்தேறி விளிம்புக்குத் திரும்பும் வாழ்க்கை அக்கம்பக்கம் என்ற ஒன்றை அவர்களுக்குத் தரவே இல்லை. 1964க்குப் பின் வீடு கட்டிக் கொடுத்த நாடு, 2013க்குப் பின் வளையம் போட்டது.

2020இல் கொரோனா வந்தபோது இந்தப் பிரிவினை எண்களாகவே தெரிந்தது. ஓர் அறையில் 12 முதல் 20 பேர் வரை படுத்த விடுதிகளில் இருந்த ஏறத்தாழ 3,23,000 பேரில் 1,52,000 பேருக்குத் தொற்று வந்துபோனதாக ஆண்டின் இறுதியில் மனிதவள அமைச்சு தெரிவித்தது. அரசின் தினசரி அறிக்கையில் ‘சமூகத்தில்’ ஒரு கணக்கு, ‘விடுதிகளில்’ ஒரு கணக்கு. அவர்களுக்குச் சிகிச்சையும் சம்பளமும் உணவும் தரப்பட்டன, உயிரிழப்பு மிகக் குறைவு. அதற்கு அரசைப் பாராட்ட வேண்டும். ஆனால், ஊர் திறந்த பிறகும் நெடுநாள் அவர்களுக்குத் திறக்கவில்லை. 2022இலும் ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியா போக அவர்களுக்கு அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது. வேலை அனுமதியில் இருப்பவர் சிங்கப்பூரரைக் காதலித்து மணக்க வேண்டுமானால் அமைச்சின் ஒப்புதல் வேண்டும். வேலையை விட்டு ஊர் திரும்பிய பிறகும் வேண்டும். பத்து, இருபது வருடம் உழைத்தாலும் அவர் அங்கே குடியேறியவர் ஆவதில்லை. அவர் கலந்துவிடக் கூடாது என்பதே ஏற்பாடு.

2025இல் இன நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டமும் வேலையிட நியாயச் சட்டமும் நாடாளுமன்றத்தில் நிறைவேறின. இரண்டும் வரவேற்கத் தக்கவை. அடுத்த அடி விடுதிகளை நோக்கி இருக்க வேண்டும். சிறு விடுதிகளை வீவக நகர்களுக்குள், சந்தைக்கும் உணவங்காடி நிலையத்துக்கும் நடந்துபோகும் தொலைவில் கட்டலாம். பத்தாண்டு உழைத்தவருக்கு நிரந்தரவாசியாக விண்ணப்பிக்கும் வழியைத் திறக்கலாம். திருமண ஒப்புதல் விதியை நாளையே நீக்கலாம்.

எதிர்ப்பு வரும். 2008இல் சிராங்கூன் கார்டன்சில் பழைய பள்ளிக் கட்டடத்தை விடுதியாக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடியிருப்பாளர்கள் மனுவில் கையெழுத்திட்டார்கள். வீட்டு விலை இறங்கும், பிள்ளைகளுக்குப் பாதுகாப்பில்லை, கூட்டம் சேரும் என்றார்கள். விடுதி வந்தது; ஆனால், அதற்கென்று தனிச் சாலை போட்டுக் கொடுத்து, ஊழியர்கள் குடியிருப்புத் தெருக்கள் வழியே போகாதபடி பார்த்துக்கொண்டது அரசு. 1989இலும் தங்கள் இனத்தாருக்கு நடுவே வாழ ஆசைப்பட்டவர்கள், விலை இறங்குமென்று பயந்தவர்கள் இருந்தார்கள். அவர்களுக்குத் தனபாலன் தனிச் சாலை போட்டுக் கொடுக்கவில்லை. பக்கத்து வீட்டில் யார் வந்தாலும் வாழப் பழக வேண்டும் என்றார், வரம்பை விதியாக்கினார். சிராங்கூன் கார்டன்ஸ்காரர்களுக்கும் இன்றைய அமைச்சர்கள் அதையே சொல்லலாம்.